ஓகஸ்டில் வரும் எங்கள் பிள்ளைகளுக்கு

வணக்கம். பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி.

கிளிநொச்சிப் பக்கம், ஏ ஒன்பது வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒரு கிரவல் ஒழுங்கையில் பெண் பிள்ளைகளுக்கான சிறுவர் இல்லம் ஒன்று இருக்கிறது. அதில் பதினொரு வருடம் விடுதிப் பொறுப்பாளராக இருந்தேன். அதற்கு முன்னம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். அதனால் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் நான் ரீச்சர்தான். கலியாணம் கட்டிப் போனதுகளும் இன்றைக்கு வரைக்கும் ரீச்சர் என்றுதான் போன் எடுக்குங்கள்.

சோளகம் எழும்பி, செம்மண் புழுதி வாசல்படி வரைக்கும் வந்து படியத் தொடங்கினால் வெளிநாட்டுப் பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ. அங்கே கோடை விடுமுறை, இங்கே இரண்டாம் தவணை விடுமுறை. இரண்டு கிழமை, மூன்று கிழமை இல்லத்தில் நின்று பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து, விளையாடி, சாப்பாடு பரிமாறிவிட்டுப் போவார்கள். தொண்டு செய்ய வேண்டும் என்ற மனதோடு, தாய் தகப்பன் பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிற பிள்ளைகள். அந்த மனதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். 2009 மே மாதத்துக்குப் பிறகு, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து சனம் வெறுங்கையோடு ஊர் திரும்பிய நாட்களில், எங்கள் அடுப்பு எரிந்ததே அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் குளிரில் நின்று உழைத்து அனுப்பிய காசில்தான்.

அந்த உரிமையில்தான் இதைச் சொல்கிறேன்.

2015 ஆம் ஆண்டு ஓகஸ்ட். எங்களிடம் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். சின்னவள் என்று கூப்பிடுவோம். ஊர் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. தகப்பன் இல்லை, தாய் கூலி வேலை. விடுமுறை விட்ட அடுத்த நாள் காலமை, மகளைக் கூட்டிப் போகத் தாய் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். ஆனால் வெளிநாட்டில் இருந்து ஒரு குழு வருகிறது, அவர்கள் நிற்கும் இரண்டு கிழமையும் பிள்ளைகள் ஒருவரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று நிர்வாகம் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தது. பிள்ளைகள் இல்லாத இல்லத்தில் வருகிறவர்கள் என்ன செய்வது?

படலையில் நின்று அந்தத் தாயைத் திருப்பி அனுப்பியவள் நான். "இரண்டு கிழமை கழிச்சு வாங்கோ அம்மா" என்றேன். அவர் வாதாடவில்லை. கையில் இருந்த பொலித்தீன் பையை நீட்டி, "அவிச்ச கச்சான். சூடு ஆறேல்ல. அவளிட்டக் குடுங்கோ ரீச்சர்" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் பிடிக்க நடந்தார். பைக்கு உள்ளே ஆவி பூத்து நின்றது. அந்தச் சூடு என் உள்ளங்கையில் இருக்க, உள்ளே பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கிழமை கழிந்து குழு போய்விட்டது. தாய்க்கு வயல் வேலை கிடைத்துவிட்டது, விட்டால் வேறு ஆள் பிடித்துவிடுவார்கள், வரவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. சின்னவள் அந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகவே இல்லை.

வந்த பிள்ளைகளுக்கு இது ஒன்றுமே தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களே பஸ் காசு கொடுத்து அனுப்பியிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. இல்லம் என்றால் அங்கே இருப்பவர்கள் யாரும் அற்ற பிள்ளைகள் என்று நினைத்துத்தான் வருகிறார்கள். எங்கள் இல்லத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருந்தார்கள். உலகம் முழுக்க இப்படித்தான். பிறகு ஏன் இல்லத்துக்கு வந்தார்கள்? தகப்பன் போரில் போனார், அல்லது என்ன ஆனார் என்றே தெரியாது. தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனார். நுண்நிதிக் கடன்காரன் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்றான். பள்ளிக்கூடம் தூரம், காட்டுப் பாதை, யானைப் பயம். இல்லத்தில் விட்டால் மூன்று நேரமும் சாப்பிட்டுப் படிக்குமே என்று, மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொண்டுவந்து விட்டவர்கள்தான் அதிகம்.

வறுமை ஒன்றையே காரணமாக வைத்து ஒரு பிள்ளையைக் குடும்பத்தில் இருந்து பிரிக்கக் கூடாது என்று பெற்றோரின் பராமரிப்பு இல்லாத பிள்ளைகளுக்கான ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் சொல்கின்றன. அந்த வழிகாட்டல்கள் வந்தது 2009 ஆம் ஆண்டு. எங்கள் பிள்ளைகள் முள்ளுக்கம்பிக்குள் இருந்த அதே வருடம்.

இனி, பிள்ளைகள் ஓடி வந்து கட்டிப்பிடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாகனம் படலைக்குள் வந்ததும் சிறிய பிள்ளைகள் ஓடிப்போய் முன்பின் தெரியாதவரின் கையைப் பிடிப்பார்கள். மடியில் ஏறுவார்கள். "என்னை விட்டிட்டுப் போகாதீங்கோ அக்கா" என்பார்கள். வந்தவர்களுக்குக் கண் கலங்கும். எங்கள் மேல் எவ்வளவு பாசம் என்று சொல்வார்கள். தாய் மடியில் வளர்கிற பிள்ளை அப்படி ஓடாது. புது ஆளைக் கண்டால் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிக்கும். ஆட்கள் மாறி மாறித் தூக்கி வளர்த்த பிள்ளைதான் யாரிடமும் ஓடும். எனக்கும் இது தொடக்கத்தில் தெரியாது. மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

தெரிய வைத்தது கொடிக் கயிறு. செப்டெம்பர் முதல் கிழமையில் எங்கள் கிணற்றடிக் கொடியில் காயும் பெட்சீற் வழமையை விடக் கூடவாக இருக்கும். பாய்கள் வேலியில் கிடக்கும். படுக்கையில் சலம் போவது நின்று மாதக்கணக்கான பிள்ளைகளும் திரும்பப் போகத் தொடங்குங்கள். முதல் வருடம் தண்ணீர் கூடக் குடிக்கிறார்களோ என்று நினைத்தேன். இரண்டாம் வருடமும் அப்படியே. மூன்றாம் வருடம் சமையலுக்கு நின்ற அக்கா, சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னார்: "வெளிநாட்டுப் பிள்ளையள் போட்டுதுகள் எல்லே ரீச்சர்." அவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். எங்கள் எல்லாருக்கும் முன்னம் அவருக்கு விளங்கிவிட்டது.

ருமேனியாவின் புக்கரெஸ்ற் நகரில் 2000 ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஓர் ஆய்வு இருக்கிறது. சார்ள்ஸ் நெல்சன், நேதன் பொக்ஸ், சார்ள்ஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்தினார்கள். இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, மற்றவர்களோடு ஒப்பிட்டு வருடக்கணக்காகப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவிலும் மனப்பிணைப்பிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்னம் போனவர்கள் இன்னும் நன்றாக. ஒரு பிள்ளைக்கு ஒரே முகம் நாளும் பொழுதும் வேண்டும். 2019 டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபை சிறுவர் உரிமைகள் பற்றிய தன் தீர்மானத்தில், இல்லங்களில் தொண்டு செய்யப் பயணம் வருவதால் பிள்ளைகளுக்கு வரும் தீங்கைப் பற்றியும் பேசியது. எங்கள் கொடிக் கயிறு அதற்கு முன்னமே பேசிவிட்டது.

நினைவுநாள் சாப்பாடு பற்றி ஒரு சொல். வெளிநாட்டில் ஒருவர் இறந்த திதிக்கு, அல்லது பிள்ளையின் பிறந்தநாளுக்கு, இங்கே ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் வீடியோ எடுத்து முடியும் வரைக்கும் சோறு ஆறி, பிள்ளைகள் கை கழுவியபடி வரிசையில் நிற்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். கண்டிராத ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடுவார்கள். பாடுகிற பிள்ளைகளில் சிலருக்குத் தங்கள் பிறந்த நாளே தெரியாது. பதிவுகள் போரில் அழிந்து, உத்தேச வயதுச் சான்றிதழில் ஒரு திகதி போட்டுக் கொடுத்திருப்பார்கள். சாப்பாட்டுக்குக் காசு அனுப்புங்கள், கமராவை அனுப்பாதீர்கள்.

அப்படியென்றால் வரவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வாருங்கள். நோர்வேயில் பேச்சுச் சிகிச்சை செய்கிற தங்கச்சி ஒருத்தி மூன்று கிழமை வந்து நின்றாள். பிள்ளைகளோடு தனியே ஒரு நேரமும் இருக்கவில்லை. எங்களோடு இருந்தாள். திக்கிப் பேசும் பிள்ளையை இடையில் மறிக்காமல் எப்படிக் காத்திருப்பது, எப்படி மெல்லக் கதை கொடுப்பது என்று எனக்கும் மற்ற விடுதி அம்மாக்களுக்கும் முன்பள்ளி ஆசிரியைக்கும் காட்டித் தந்தாள். எங்கள் அறைச் சுவரில் அவள் தன் கையால் எழுதி ஒட்டிய தாள் நான் விலகி வரும் நாள் வரைக்கும் இருந்தது. ஒரு படம் கூட அவள் எடுக்கவில்லை. நான் கேட்டு எடுத்த படம் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, அதில் நாங்கள் பெரியவர்கள் மட்டும்.

ரொறன்ரோவில் ஒரு தம்பி இருக்கிறார். கோடையில் அங்கே சனி இரவு ஒன்பதரை, எங்களுக்கு ஞாயிறு காலை ஏழு மணி. அந்த நேரத்துக்குக் கணினியில் வந்து, விடுதி அம்மா பக்கத்தில் இருக்க, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறார். நாலு வருடமாக அதே ஆள், அதே நேரம். பிள்ளைகளுக்கு அவர் திரும்பி வருவாரா என்ற கேள்வியே இல்லை.

வருகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் நாட்டுப் பொலிஸ் சான்றிதழை நாங்கள் கேட்க முன்னமே கொண்டு வாருங்கள். இல்லம் மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் பதிவானதா என்று கேளுங்கள். விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்களா என்று கேளுங்கள். பதிலுக்கு ஆள் தடுமாறினால் அங்கே நிற்காதீர்கள். பிழையாக ஏதாவது கண்ணில் பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. யாரும் அழைக்கலாம். காசு கொடுக்க விருப்பமா? மாதத்தில் ஒரு தரம் தாய் வந்து போகும் பஸ் காசைக் கேட்டுக் கொடுங்கள். பதினெட்டு வயது முடிந்து ஒரு பையோடு படலை தாண்டுகிற பிள்ளைக்கு, தொழில் படிக்கும் காலத்துக்கு அறை வாடகை கொடுங்கள். அந்த வயதில்தான் எங்கள் பிள்ளைகளுக்கு ஆள் இல்லாமல் போகிறது.

சின்னவள் அப்படித்தான் அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து படிக்கிறாள். தாயும் வேலையை இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு வந்து, இருவரும் ஒரு அறை எடுத்து இருக்கிறார்கள். போன மாதம் பார்க்கப் போனேன். தாய் கச்சான் அவித்து வைத்திருந்தார். அந்தக் காலமையை நான் மறக்கவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். சொல்லத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்து, "சாப்பிடுங்கோ ரீச்சர், ஆறப்போகுது" என்றார்.