லண்டன் குன்றின் மேல் ஒரு கொங்கண் கோட்டை

[காட்சி: மரங்களுக்கு மேலே தெரியும் செங்கல் தண்ணீர் டேங்க்]

வணக்கம். கிரீனிச் என்றதும் வானாய்வுக்கூடம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனால் தென்கிழக்கு லண்டனின் கிரீனிச் பகுதியிலேயே உயரமான இடம் அதற்குக் கிழக்கே இருக்கிறது. பெயர் ஷூட்டர்ஸ் ஹில், உயரம் 132 மீட்டர். உச்சியில் 1910-இல் கட்டிய தண்ணீர் டேங்க், வெகுதூரத்திலிருந்தே தெரியும். நாம் பார்க்கப்போவது அதை அல்ல.

[காட்சி: காட்டுப் பாதை, முக்கோணக் கோபுரம்]

கொஞ்சம் தள்ளி, காட்டுக்குள் நிற்கிறது செவர்ன்ட்ரூக் கோட்டை. பெயர்தான் கோட்டை. 63 அடியில் ஒரு முக்கோணக் கோபுரம், மூலைக்கு ஒரு சிறு தூபி, அவ்வளவே. இங்கே யாரும் போரிட்டதில்லை. 1783-இல் இறந்த கணவர் சர் வில்லியம் ஜேம்ஸ் நினைவாக, லேடி ஜேம்ஸ் அடுத்த வருஷமே இதை எழுப்பினார். ஜேம்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்க் கப்பற்படைத் தளபதி.

[காட்சி: கல்வெட்டு, நெருக்கத்தில்]

இந்தக் கல்வெட்டை நின்று படிக்க வேண்டும். மலபார் கரையிலுள்ள செவர்ன்ட்ரூக் கோட்டை 1755 ஏப்ரல் 2 அன்று ஜேம்ஸின் வீரத்துக்கு வீழ்ந்தது என்கிறது. மலபார் என்றதும் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். மேற்குக் கரை முழுவதையும் அப்படிச் சொல்வது அன்றைய ஆங்கிலேயர் வழக்கம். அந்தக் கோட்டையின் நிஜப்பெயர் சுவர்ணதுர்க். மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில், ஹர்ணை மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே, கடலுக்குள் ஒரு தீவில் இன்றும் இருக்கிறது.

கல்லில் எழுதாமல் விட்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோட்டை துளாஜி ஆங்கரே கையில் இருந்தது. மராட்டியக் கடற்படையை வளர்த்த கான்ஹோஜி ஆங்கரேயின் மகன் அவர். தங்கள் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பல்களை ஆங்கரேக்கள் பிடித்தார்கள்; அதனால் ஆங்கிலேயருக்கு அவர்கள் கடற்கொள்ளையர். அதே கடலில் போர்ச்சுகீசியர் அதற்கு முன்பே சீட்டு முறையை நடத்தியவர்கள்தான். துளாஜியோடு பகைத்த பேஷ்வா, அதாவது மராட்டிய அரசின் தலைமை அமைச்சர், நானாசாகேப் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். அந்த ஒப்பந்தம் இல்லாமல் இந்த வெற்றி இல்லை. பிடித்த கோட்டையும் பேஷ்வா பக்கமே போனது. கல்லிலோ ஜேம்ஸ் ஒருவரின் வீரம் மட்டும்.

[காட்சி: மொட்டைமாடியிலிருந்து லண்டன்]

உயரமும் வீணாகவில்லை. லண்டனையும் பாரிஸையும் முக்கோணங்களால் இணைத்து அளந்த நில அளவையாளர் வில்லியம் ராய், இந்தக் கோபுரத்தையும் ஓர் அளவை நிலையமாக்கிக்கொண்டார். 1986-இல் மூடப்பட்டு, பழுதுபார்த்து 2014-இல் மறுபடி திறந்தார்கள். பார்த்துக்கொள்பவர்கள் தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் திறப்பார்கள். 86 படி ஏற வேண்டும். நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள்.