அர்வனாவின் களமும் நமது காணிக்கையும்

அன்புக்குரிய சபையாரே,

கிறிஸ்து ஒரே தரம் தம்மைப் பலியாக ஒப்புக்கொடுத்துவிட்டார் என்று எபிரெயர் நிருபம் அறுதியாகக் கூறுகிறது. ஆகவே, பாவநிவிர்த்திக்காக நாம் செலுத்தவேண்டிய பலி எதுவும் மீதியாக இல்லை. ஆயினும் அதே நிருபத்தின் கடைசி அதிகாரம், நன்மை செய்வதையும் உள்ளதைப் பகிர்ந்துகொள்வதையும் தேவன் பிரியப்படும் பலிகள் என்கிறது. பிள்ளையின் பரீட்சைக்காகவும் வெளிநாட்டு விசாவுக்காகவும் நேர்ந்துகொண்டு காணிக்கை போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தத் தாய்மாரின் கண்ணீரை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனாலும், பதிலுக்குப் பெறுவதற்காகக் கொடுப்பதைப் பலி என்று சொல்ல என் மனம் இணங்கவில்லை.

பழைய ஏற்பாட்டின் இரண்டாம் சாமுவேல் புத்தகத்தின் இறுதியில், கொள்ளைநோயால் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்த வேளையில், எபூசியர் இனத்தவனாகிய அர்வனாவின் போரடிக்கும் களத்திலே பலிபீடம் கட்டும்படி தாவீதுக்குச் சொல்லப்படுகிறது. அர்வனா களத்தையும், பலிக்கு மாடுகளையும், விறகுக்காகப் போரடிக்கும் உருளைகளையும் நுகத்தடிகளையும் சும்மாவே தர முன்வருகிறான். சூடடித்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரும் மட்டக்களப்பாருக்கு, ஒரு விவசாயி இவற்றைக் கொடுத்தால் அவனிடம் மிஞ்சுவது என்ன என்பது நன்றாகவே தெரியும். தாவீதோ, தனக்குச் செலவில்லாத பலியைக் கர்த்தருக்குச் செலுத்தமாட்டேன் என்று மறுத்து, 50 சேக்கல் வெள்ளி கொடுத்து அவற்றை வாங்குகிறான். தன் பக்திக்குரிய விலையை இன்னொரு மனிதன் தலையில் சுமத்த அவன் விரும்பவில்லை. வீட்டிலுள்ளோரின் உழைப்பில் தங்கியிருந்துகொண்டு, வெளியே ஊழியக்காரர் என்று பெயரெடுப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும்.

நமது மண்ணிலும் அந்த விலையைக் கொடுத்தவர்கள் உண்டு. கடற்பயணத்திலேயே மனைவியை இழந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். 1815 ஏப்ரலில் மரித்தார். ஓராண்டு நிறைவதற்கு முன்னே முடிந்த அந்த ஊழியத்தில் அவர் தொடங்கிய கல்விப்பணியே மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கமாயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்து கிழக்கு மாகாண இளைஞருக்காக உழைத்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபர்ட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். அவருடன் சென்ற தமிழ் இளைஞரும் திரும்பிவரவில்லை. அடிகளாரை நினைவுகூரும்போது அந்த இளைஞரையும் சேர்த்தே நினைவுகூருவது நம் கடமை என்று நான் கருதுகிறேன்.

இத்தகையோரைப் புகழ்வது எளிது. 2004 சுனாமிக்குப் பின் கல்லடியிலும் நாவலடியிலும் ஓடிவந்து உதவிய கைகளை நாம் கண்டோம். ஆபத்து நேரத்தில் மனிதமனம் தானாகவே இளகுகிறது. படுக்கையில் கிடக்கும் மாமியாரை ஆண்டுக்கணக்கில் குளிப்பாட்டி உணவூட்டும் மருமகளுக்கு அப்படி உந்தித்தள்ளும் வேகம் எதுவும் இல்லை. சீஷருடைய கால்களைக் கழுவியவர் அவளுடைய ஊழியத்தை அறிவார். சபையாகிய நாம் அதை அறிந்திருக்கிறோமா? சுகவீனரைச் சந்திக்கும் குழு வீட்டுக்குப் போய் ஜெபித்து, தேநீர் அருந்தித் திரும்பிவிடுகிறது. லெந்து எனப்படும் இந்தத் தபசு காலத்தில் குழுவில் இருவராவது அங்கேயே தங்கி, நோயாளியைக் கவனித்துக்கொண்டு, அந்தப் பெண்ணை ஒரு பிற்பகல் நித்திரைகொள்ள விடுங்கள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், எந்த வீட்டுக்கு யார் போவது என்று பெயர்களை எழுதிக்கொள்வோம்.