11 பலகை போட்ட கடை: வேலூர்ப் பக்கத்துப் பழைய மளிகைக்கடை

[காட்சி: விடியற்காலை. கடைத்தெருவில் மரப்பலகைகளால் மூடிய ஒரு கடை முகப்பு. பலகை நகரும் சத்தம்.]

இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள். ஷட்டரைத் தூக்கும் சத்தம் இல்லை இது. மரத்தோடு மரம் உரசுகிற சத்தம்.

நாம் இருப்பது ஒடுகத்தூர். வேலூரிலிருந்து ஜவ்வாது மலைப் பக்கம் வந்தால், மலை ஏறுவதற்கு முன்னால் வரும் ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போனது. அடிவாரத்து ஊர்களில் இப்படிப்பட்ட பலகைக்கடைகள் ஒன்றிரண்டு இன்னும் மிச்சம் இருக்கின்றன. பழசு என்பதற்காக மட்டும் இவற்றைக் காப்பாற்றச் சொல்லவில்லை. இந்தக் கடையில் ஒவ்வொரு மரத்துண்டும் ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டது. அந்த வேலை புரிந்தால்தான் கடையின் அருமை புரியும்.

[காட்சி: கதவின் அடிப்பகுதி. கல்வாசலின் மேல் காடி வெட்டிய மரச்சட்டம்.]

முதலில் கதவு. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இரண்டிலும் நீளமாகக் காடி, அதாவது பலகை நுழையும் பள்ளம். மேல் காடி ஆழம் அதிகம், கீழ்க் காடி ஆழம் குறைவு. பலகையை மேல் காடிக்குள் உயர்த்தி, அடியைக் கீழ்க் காடியில் இறக்கி, ஓரத்துக்குத் தள்ள வேண்டும். அப்புறம் அடுத்த பலகை. இப்படி 11 பலகை. கடைசிப் பலகைக்கு மேல் இரும்புப் பட்டையைக் குறுக்கே போட்டுப் பூட்டினால், மற்ற எதையும் அசைக்க முடியாது. கீல் கிடையாது. திறந்துவிட்டால் கடையின் முகப்பு முழுக்கத் தெருவுக்குத் திறந்துகிடக்கும்.

[காட்சி: பலகையின் உள்பக்கம். உளியால் வெட்டிய ௧, ௨, ௩.]

இதோ, தமிழ் எண்கள். பலகைகள் ஒரே அளவு போலத் தெரியும், ஆனால் இல்லை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கு இழைத்துச் சேர்த்தது. சித்திரை வெயிலில் மரம் சுருங்கும், ஐப்பசி மழையில் ஊதும். கடைக்காரர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "மூணு இருக்கிற எடத்துல நாலப் போட்டா, ராத்திரிக்குக் கடை மூடாதுப்பா."

[காட்சி: கடைக்குள். சரிவான மூடி போட்ட பெட்டிகள் படிப்படியாக.]

பருப்பு, மிளகாய், மல்லி எல்லாம் மரப்பெட்டியில். மூடி சரிவாக இருப்பதால் நின்ற இடத்திலிருந்தே கை உள்ளே போகும். உப்புப்பெட்டி மட்டும் தனியாக, திண்ணை ஓரம். அதில் இரும்பு ஆணியே இல்லை, எல்லாம் மர ஆணி. உப்பு ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடித்துப் பெட்டி விட்டுப்போகும். இதை யோசித்துச் செய்த தச்சரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

[காட்சி: கல்லாப்பெட்டி, நெருக்கமாக.]

கல்லாப்பெட்டியின் அறைகளைப் பாருங்கள். ரூபாய்க்கு ஓர் அறை, அணாவுக்கு ஓர் அறை, காலணாவுக்கு ஓர் அறை. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. திண்ணைப் பள்ளியில் மாகாணி வாய்ப்பாடு படித்தவருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம், ஏனென்றால் மாகாணி என்றாலே 16-ல் ஒன்று. 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 புதுப் பைசா ஆனது. பெட்டி மாறவில்லை. அணா அறையில் புதுக்காசு போய் விழுந்தது.

எடையும் அதே காலத்தில்தான் மாறியது. 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக கிலோ வந்தது. அதற்கு முன்னால் புளி என்றால் வீசைக்கணக்கு. 40 பலம் ஒரு வீசை, இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ. 8 வீசை ஒரு மணங்கு. அரிசி, எண்ணெய்க்குப் படியும் ஆழாக்கும். 8 ஆழாக்கு ஒரு படி. தானியம் அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்று எண்ணமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு.

[காட்சி: மலைப்பாதை. மூட்டைகள்.]

சரி, இந்தக் கடைக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது? பாதி மலையிலிருந்து. சாமை, புளி, தேன், கடுக்காய் இறங்கும். உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், துணி ஏறும். கடுக்காய் இந்த வட்டாரத்துக்கு மருந்து மட்டும் இல்லை. தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டும், ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோல் ஊர்கள். மலைக்கும் தோல் தொழிலுக்கும் நடுவில் நின்றவை இந்த மாதிரிக் கடைகள். மற்றொரு பாதி ரயிலில் வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையே 1856-ல் ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோடு வரைக்கும் போட்டதுதான்.

[காட்சி: பலகையின் அடிமுனை, கரையான் அரித்த இடம்.]

இப்போது இவற்றுக்கு என்ன ஆகிறது? கரையான் ஒரு பக்கம். அதைவிட வேகமாக வருகிறவர்கள் பழம்பொருள் வியாபாரிகள். கல்லாப்பெட்டியை ஒருவர், உப்புப்பெட்டியை ஒருவர், கதவுப்பலகையை மேசை செய்ய இன்னொருவர் என்று வாங்கிப்போகிறார்கள். பிரித்துவிட்டால் அந்தப் பெட்டி யாரோ வீட்டு வரவேற்பறையில் ஒரு அழகுச் சாமான். அதற்கு ஏன் மர ஆணி என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இப்படி ஒரு கடை உங்கள் குடும்பத்தில் இருந்தால் சில காரியங்களைச் செய்யலாம். பலகையின் அடி அரித்திருந்தால் முழுப் பலகையையும் தூக்கிப்போடாதீர்கள். கெட்ட முனையை மட்டும் வெட்டி, அதே சாதி மரத்தில் ஒட்டுப் போடத் தெரிந்த ஆசாரி இன்னும் இருக்கிறார். கெட்டியான பெயின்ட் அடித்தால் காடியில் பலகை இறங்காது, எண்ணெய் தேய்த்தால் போதும். கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கடையை இடித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், கழற்றும் முன் ஒவ்வொரு பலகையின் எண்ணும் தெரியும்படி வரிசையாகப் படம் எடுத்து, அளவு குறித்துவையுங்கள்.

[காட்சி: இரவு 9 மணி. கடைக்காரர் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்குகிறார். ௯, ௰. கடைசிப் பலகைக்கு முன்னால் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு வெளியே வருகிறார்.]