பங்கு கேட்டா சுயநலமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க, பேரு ஊரு வேண்டாம். அப்பா உயில் எழுதாம காலமாயிட்டாரு. அவர் சம்பாத்தியத்துல வாங்கின வீடு ஒண்ணு இருக்கு. அண்ணன் விடுதலைப் பத்திரத்துல, அதாவது 'என் பங்கை விட்டுக் கொடுக்கறேன்'னு எழுதிக் கொடுக்கற பத்திரத்துல, கையெழுத்து கேக்கறாரு. இவங்க "எனக்கும் பங்கு வேணும்"னு சொன்னதும், "இவ்வளவு சுயநலமா உனக்கு"ன்னு வீட்டுல எல்லாரும் பேச ஆரம்பிச்சிட்டாங்களாம். "நான் கேக்கறது சுயநலமா? சுயநலமே இல்லாம மனுஷன் வாழ முடியுமா?"ன்னு கேட்டிருக்காங்க.

ரெண்டாவது கேள்வியை முதல்ல முடிச்சிடறேன். முடியாது. பசிச்சா சாப்பிடறோம், வயசான காலத்துக்குன்னு நாலு காசு சேர்த்து வைக்கறோம். அதுல ஒரு தப்பும் இல்ல. நமக்கு வேணுங்கறது யார் தலையில விடியுது, அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டோமா, இதைத்தான் பார்க்கணும்.

தனியா ஒருத்தன் சுயநலமா நடந்தா ஊரே கண்டுபிடிச்சிடும். குடும்பத்துக்குள்ள வந்தா கண்டுபிடிக்கறது கஷ்டம். ஏன்னா அங்க அதுக்குப் பேரு 'குடும்பத்துக்காக'. லஞ்சம் வாங்கறவரைக் கேட்டுப் பாருங்க, பொண்ணு கல்யாணத்துக்குங்கன்னுவாரு. பொய்யும் இல்ல அது.

நான் பத்திரம் எழுதற தொழில்ல இருந்தவன். சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல இந்த விடுதலைப் பத்திரம் எப்படி நடக்கும்னு சொல்றேன். காலையில அண்ணன் கார் எடுத்துட்டுப் போய் தங்கச்சியைக் கூட்டிட்டு வருவாரு. வழியிலயே டிபன் ஆயிருக்கும். அண்ணி புதுசா ஒரு புடவை எடுத்து வச்சிருப்பாங்க. டோக்கன் வர்ற வரைக்கும் பழைய கதையெல்லாம் பேசி சிரிச்சுக்கிட்டிருப்பாங்க. உள்ள கூப்பிட்டதும் போட்டோ, கைரேகை. "படிச்சுப் பார்த்தீங்களாம்மா"ன்னு கேட்டா, அந்தம்மா நம்மைப் பார்க்காது, அண்ணன் முகத்தைத்தான் பார்க்கும். "எங்க கையெழுத்து போடணும்"னு மட்டும் கேக்கும். தொகை எழுதற இடத்துல, நிறைய பத்திரத்துல, ஒரு தொகை எழுதியிருக்கும், கைக்கு வந்திருக்காது.

அந்தம்மா பெருந்தன்மையில போடுதுன்னு நினைக்காதீங்க. சில பேர் மனசார விட்டுக் கொடுக்கறாங்க, இல்லைங்கல. ஆனா பாதிப் பேருக்குள்ள பயம். நாளைக்குப் புருஷன் வீட்டுல ஏதாவதுன்னா வந்து நிக்க ஒரு வாசல் வேணும். பிள்ளைக்குக் காது குத்தறப்போ தாய்மாமன் மடியில உட்கார வைக்கணும், சீர் வரணும். அந்த வாசலுக்கு விலைதான் அந்தக் கையெழுத்து. அதைப் போட்டா பாசக்காரி, போடலன்னா சுயநலக்காரி. பட்டம் கொடுக்கறது யாருன்னு பாருங்க, அந்தப் பத்திரத்துல லாபம் யாருக்கோ அவரேதான்.

சட்டம் என்ன சொல்லுது? அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்து, உயில் இல்ல, இந்து வாரிசுரிமைச் சட்டப்படின்னா 1956லயே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்துலதான் இழுத்தடிச்சாங்க. தமிழ்நாட்டுல 1989ல திருத்தம் கொண்டு வந்து உரிமை கொடுத்தாங்க, ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாது. 2005ல மத்திய சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்துடுச்சு. 2005ல அப்பா உயிரோட இருந்திருக்கணுமா வேண்டாமான்னு ஒரு சண்டை ஓடிட்டிருந்தது, வேண்டாம்னு 2020ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால சகோதரி, உங்க பங்கை நீங்க கேக்கறீங்க, அண்ணன் பங்கைக் கேக்கல. இதுல சுயநலம் எங்க வந்துச்சு?

"நகை போட்டோம், செலவு பண்ணோம், அதுலயே கழிஞ்சு போச்சு"ம்பாங்க. அண்ணன் படிப்புக்குச் செலவு பண்ணலையா? அந்தக் கணக்கை யாரும் எடுக்கறதில்ல.

இதே 'என் வீட்டுக்காக' தெருவுக்கு வந்தா என்ன ஆகுதுன்னும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரர் போர் போட்டாருன்னா நாம அவரைவிட ஆழமா போடறோம். அவர் மறுபடி இறக்கறாரு. நம்ம குழந்தை குட்டிக்குத் தண்ணி வேண்டாமா, நியாயம்தானே? 2019 கோடையில சென்னையில என்ன ஆச்சு? ஏரியெல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். மழை பொய்த்ததுதான் முதல் காரணம், ஆனா நிலத்தடித் தண்ணியையும் நாம விட்டு வைக்கல. 2003லயே எல்லாக் கட்டடத்துலயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு கொண்டு வந்தாங்க. எத்தனையோ வீட்டுல அந்தக் குழி இன்னைக்கு மண்ணடைஞ்சு கிடக்கு, மேல பைக் நிக்குது. போர் போட வசதியில்லாதவங்கதான் குடத்தோட லாரிக்கு நின்னாங்க.

சரி, சகோதரி விஷயத்துக்கு வருவோம். கடைசியில ஒரு வரி எழுதியிருக்காங்க, "அம்மா அழறாங்க, கையெழுத்து போட்டுடுன்னு சொல்றாங்க"ன்னு. அம்மா மேல கோபப்படாதீங்க. அவங்க மகனோட இருக்காங்க, அந்த வீட்டுலதான் சாப்பிடணும், அவங்க பயம் அவங்களுக்கு. ஆனா ஒண்ணு கேளுங்க. அந்த வீட்டுல அம்மாவுக்கும் ஒரு பங்கு இருக்கு, உங்களுக்கும் அண்ணனுக்கும் எவ்வளவோ அதே அளவு. அண்ணன் தயார் பண்ணி வச்சிருக்கற பத்திரத்தை வாங்கிப் படிச்சுப் பாருங்க. எழுதிக் கொடுப்பவர்னு உங்க பேரு மட்டும் இருக்கா, அம்மா பேரும் இருக்கா? அம்மாவும் எழுதிக் கொடுக்கறதா இருந்தா, அவங்க பங்கு மட்டுமாவது தான செட்டில்மெண்டா, அதாவது தானமா எழுதிக் கொடுக்கற பத்திரமா இருக்கட்டும். கடைசி வரைக்கும் வச்சுக் காப்பாத்தணும்னு அதுல நிபந்தனை எழுதச் சொல்லுங்க. எழுதியிருந்தா, அப்புறம் கவனிக்கலன்னாலும் 2007 வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்துல, ஆர்டிஓகிட்ட, அதாவது வருவாய் கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுத்து ரத்து பண்ணக் கேக்கலாம். எழுதலன்னா அலையணும். "பெத்த பிள்ளைகிட்ட நிபந்தனையா"ன்னு அண்ணனுக்குக் கோபம் வந்தா, அவர் சொல்ற காரணத்தை அம்மாவையும் பக்கத்துல வச்சுக்கிட்டே கேளுங்க.