பி வாங்கிய பள்ளியும் சி வாங்கிய பள்ளியும்

வணக்கம். காருக்குள் உட்கார்ந்துதான் பேசுகிறேன். வெளியே மழை, கூரையில் விழும் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரே தெரிவது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், எங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) உள்ள இரண்டு அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒன்று. பெயர்ப் பலகையைக் காட்டமாட்டேன், பிள்ளைகள் படிக்கிற இடம்.

மகள் வரும் ஆகஸ்டில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். மாநிலம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் எழுத்தைத் தரமாகக் கொடுக்கிறது. இந்தப் பள்ளிக்கு 'பி', கவுண்டியின் மறுகோடியில் இருப்பதற்கு 'சி'. கேட்டவர்கள் எல்லாரும் "பி இருக்கும்போது என்ன யோசனை?" என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்த எழுத்து எப்படி வருகிறது என்று பார்க்கும்வரை.

வட கரோலினாவில் பள்ளிக்குக் கொடுக்கும் தரத்தில் 80 சதவீதம் தேர்ச்சி, 20 சதவீதம் வளர்ச்சி. தேர்ச்சி என்பது ஆண்டிறுதித் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது. வளர்ச்சி என்பது, வந்தபோது இருந்த நிலையிலிருந்து பிள்ளையைப் பள்ளி எவ்வளவு தூரம் நகர்த்தியது என்பது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தேர்ச்சி 72, வளர்ச்சி 65 என்றால் மொத்தம் 70.6, அது பி. தேர்ச்சி 48, வளர்ச்சி 90 என்றால் 56.4, அது சி. ஆனால் வளர்ச்சியில் 65 என்பது எதிர்பார்த்த அளவைக்கூடத் தொடவில்லை என்று பொருள். 90 என்பது அதைத் தாண்டிவிட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் நிறைய இருந்தால் தேர்ச்சி தானாகவே உயரும். ஆசிரியர் என்ன செய்தார் என்பது அந்த 20 சதவீதத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று, கிராமத்துப் பள்ளிகளில் தலை எண்ணிக்கை குறைவு. எட்டாம் வகுப்பில் 40 பேர் என்றால், ஒரு பிள்ளை அன்று காய்ச்சலோடு எழுதினாலே 2.5 சதவீதம் ஆடிவிடும். அதனால் ஓர் ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிறகு இரண்டு அலுவலகங்களுக்கும் தொலைபேசியில் பேசினேன். கேட்டது ஒரே கேள்வி: "எட்டாம் வகுப்பில் மேத் 1 யார் நடத்துகிறார்?" அது உயர்நிலைப் பள்ளிப் பாடம். ஏழாம் வகுப்புக் கணிதத் தேர்வில் உச்ச நிலையைத் தொட்ட பிள்ளையை, எட்டில் உயர்நிலைக் கணிதத்தில் சேர்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம். எப்படி நடத்துவது என்பதில்தான் வித்தியாசம். பி வாங்கிய பள்ளியில் நூலக மூலையில் ஒரு மடிக்கணினி, இணையவழி வகுப்பு. சி வாங்கிய பள்ளியில், அதே கட்டடத்தில் கரும்பலகையோடு ஓர் ஆசிரியை. எனக்கு அங்கேயே பாதி மனம் சாய்ந்துவிட்டது.

மீதிப் பாதியைப் பிடித்து வைத்திருப்பது பஸ். நாங்கள் இருப்பது பி பள்ளியின் எல்லைக்குள். மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் கிடைத்தாலும் பஸ் வராது, நான்தான் கொண்டுபோய் விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வழிக்கு 19 மைல், காலையும் மாலையும். கால்பந்தும் இசைக்குழுவும் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, மகளுக்கு உண்டு.

நாளை காலை ஆறரைக்கு அந்தச் சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் போகிறேன். மரலாரிகள் போகிற நேரம் அது. எத்தனை நிமிடம் ஆனது என்று கீழே எழுதிப் போடுகிறேன்.