அம்மாவிடமே கேளுங்கள்

(மறதி நோய், மனநோய் உள்ளவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் சேலத்தில் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தவர்கள் சிலரை முன்வரிசையில் பார்க்கிறேன். வீட்டில் இருப்பவரை யாரிடமாவது விட்டுவிட்டு இப்படி அரை நாள் வெளியே வருவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் நானும் அப்படி ஓடியவள்தான். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எங்கம்மா அம்மாபேட்டையில் தார் சுற்றியே, அதாவது தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுத்தே, எங்களை வளர்த்தவர். அப்பா தறியில், அம்மா ராட்டையில். ஒரு சேலைக்கு எத்தனை தார் வேண்டும் என்று நூலைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் 68 வயதில் ஒரு நாள், சுற்றி முடித்த தாரையே அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். வயசாச்சு என்று விட்டுவிட்டோம். அப்புறம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனவருக்கு வீடு திரும்ப வழி தெரியவில்லை. ஒரு கொலுசுப் பட்டறைக்காரர் அடையாளம் கண்டு, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது ஒரு தம்பி வந்து நாலு பக்கத் தாளை நீட்டினார். முழுக்க ஆங்கிலம். "சின்ன ஸ்டடிக்கா, இங்க ஒரு கையெழுத்து" என்றார். டாக்டரைச் சார்ந்தவர், மறுத்தால் தப்பாகிவிடுமோ என்று நானும் போட்டுவிட்டேன். எங்கம்மாவுக்குத் தன் பேரை எழுதத் தெரியும். அதைக்கூட யாரும் கேட்கவில்லை. பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி வைத்துவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அந்த மைக்கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் என்னிடம் கேட்டார்: "எதுக்குக் கண்ணு கைநாட்டு வாங்கினாங்க? வீட்ட எழுதிக் குடுத்துட்டமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஸ்டடி எதைப் பற்றியது, அதில் என்ன தெரிந்தது என்று இன்று வரை எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து வேறொரு ஆராய்ச்சிக்காக ஒரு அம்மா வீடு தேடி வந்தார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. ராட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, எங்கம்மாவைப் பார்த்துப் பேசினார். "ஞாபக மறதி பத்திச் சில கேள்வி கேக்கணுங்கம்மா. உங்களுக்கு இஷ்டமா?" அம்மா, "எதுக்கு?" என்றார். "உங்கள மாதிரி இருக்கறவங்களுக்கு என்ன செஞ்சா நல்லதுன்னு தெரிஞ்சுக்கத்தான். இதனால உங்களுக்குக் குணமாகும்னு சொல்ல மாட்டேனுங்க." அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். "சரி, கேளு சாமி" என்றார்.

மறுபடி வந்தபோதும் அவர் முதலிலிருந்து கேட்டார். போன தடவை சரி சொன்னது அம்மாவுக்கு நினைவிருக்காது என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது முறை வந்த அன்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பதறிப் போய், "அவங்க அப்படித்தாங்க, நீங்க கேளுங்க" என்றேன். அவர் பையை மூடினார். "வேண்டாங்கறாங்க. இன்னொரு நாள் வரேன்" என்று எழுந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி வந்தவர் அவர். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. பெற்ற மகளுக்குக் கேட்காத 'வேண்டாம்' அவருக்குக் கேட்டிருக்கிறது.

இவ்வளவையும் நான் சொல்வது, ஆராய்ச்சிக்குப் போகாதீர்கள் என்பதற்காக இல்லை. போங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் கேட்கப்பட்டவராகப் போங்கள். உங்கள் வீட்டில் இருப்பவரையும் யாராவது கேட்ட பிறகு அனுப்புங்கள்.

மறதி நோய்களில் ஒன்றுக்கு அல்சைமர் என்கிற பேர் எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியும். 1901-ல் ஜெர்மனியில் பிராங்பர்ட் மருத்துவமனைக்கு 51 வயதில் ஒரு பெண்மணி வந்தார். பெயர் அகஸ்தே டெட்டர். டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் அவரிடம் பேசியதை எழுதி வைத்தார். உங்கள் பெயர் என்ன? அகஸ்தே. குடும்பப் பெயர்? அகஸ்தே. கணவர் பெயர்? யோசித்துவிட்டு, அகஸ்தே என்றுதான் நினைக்கிறேன் என்றார். எழுதச் சொன்னபோது எழுத முடியவில்லை. நான் என்னையே தொலைத்துவிட்டேன் என்று சொன்னதாகக் குறிப்பில் இருக்கிறது. 1906-ல் அவர் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் அல்சைமர் மற்ற டாக்டர்கள் முன்னால் பேசினார். 1910-ல் கிரேப்பெலின் என்ற ஜெர்மன் மனநல டாக்டர் இந்த நோய்க்கு அல்சைமர் பெயரை வைத்தார். உலகத்துக்கு இந்த நோயைக் காட்டிக் கொடுத்தது அந்த அம்மாவின் உடம்பும் பேச்சும். அவரிடம் யாராவது "இஷ்டமா" என்று கேட்டதாக நான் எங்கேயும் படித்ததில்லை. நோய்க்கு டாக்டர் பேர், நோயாளி பேர் பழைய கோப்பில். 1990-களில் அந்தக் கோப்பு மறுபடி கிடைத்த பிறகுதான் அவர் பேச்சை உலகம் முழுதாகப் படித்தது.

சரி, நம் ஊர்ப் பக்கம் வருவோம். மறதியைச் சோதிக்க உலகம் முழுக்க டாக்டர்கள் கையில் இருக்கும் ஒரு கேள்வித் தாள் 1975-ல் அமெரிக்காவில் வந்தது. 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்லும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். பள்ளிக்கூடமே போகாத ஒருவரிடம் இதைக் கேட்டால் நல்ல மூளையும் கெட்ட மூளையாகத்தான் தெரியும். அரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் ஆராய்ச்சி செய்தவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தாளையே மாற்றினார்கள். 20-லிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொன்னார்கள். எழுதச் சொல்வதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். அந்த மாற்றம் வந்தது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் தாத்தாக்களும் உட்கார்ந்து பதில் சொன்னதால். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் இன்று என்ன தேதி என்று கேட்டால் அவர் விழிக்கலாம். காப்பிப் பழம் பறிக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மிளகுக்கொடி எந்த மரத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது வரை சொல்வார். அவரைக் கேள்விக்குள் கொண்டுவராமல் எழுதின கேள்வித்தாள் அவருக்கு எப்படிப் பொருந்தும்?

1998-ல் உலகளவில் ஒரு ஆராய்ச்சிக் குழு தொடங்கியது. தங்களுக்கு 10/66 என்று பேர் வைத்துக்கொண்டார்கள். மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளிலும் வளரும் நாடுகளிலும் இருக்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை. அதுதான் அந்தப் பேரின் கணக்கு. எத்தனை பேருக்கு நோய் என்று கணக்கெடுக்க அவர்கள் இந்தியாவில் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களும் நம் தமிழ்நாட்டில்தான். நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். சேலத்திலிருந்து வேலூர் ஒன்றும் தூரமில்லை.

இப்போது இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்குக்கு அடிப்படை, பல மாநிலங்களில் 4,096 பெரியவர்கள் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னது. அவர்கள் கூடவே வீட்டில் ஒருவரும் உட்கார்ந்து, "அப்பா இப்பெல்லாம் எப்படி இருக்கார்" என்ற கேள்விக்குப் பதில் சொன்னார். நாளைக்கு ஒரு அரசாங்கம் சேலத்துக்கு ஒரு பகல் பராமரிப்பு இல்லம் வேண்டும் என்று முடிவெடுத்தால், அந்த முடிவு இந்தப் பெரியவர்களின் வாயிலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

மனநோய் விஷயத்திலும் இதேதான். மனச்சிதைவு என்றாலே வாழ்க்கை முடிந்தது என்று ஊர் பேசும். 1980-களின் தொடக்கத்தில் சென்னையில் அந்த நோய் புதிதாக வந்த 90 பேரை வரிசையாகப் பின்தொடர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய, மனச்சிதைவு ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 20 வருடம் தாண்டியும் அவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். எத்தனையோ பேர் தேறி, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தியது எழுத்தில் பதிவானது. உங்கள் பிள்ளைக்கு நோய் என்று தெரிந்த அன்று டாக்டர் "தேறலாம்" என்று சொல்கிறாரே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் முகம் தெரியாத இப்படிப்பட்டவர்கள் வருடக்கணக்காகக் கதவைத் திறந்துவிட்டு நிற்கிறார்கள்.

"எலி மாதிரி எங்க மேல மருந்து போட்டுப் பாப்பாங்களா?" போன மாதம் ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார். நியாயமான பயம். முதலில், எல்லா ஆராய்ச்சியும் மருந்து இல்லை. பாதிக்கு மேல் கேள்வி, நடை, தூக்கம், ஸ்கேன் என்றுதான் நான் பார்த்த வரையில் இருக்கிறது. மருந்துச் சோதனையாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே எல்லாருக்கும் புது மருந்து கிடைக்காது. அல்சைமர் நோய்க்கான லெகனமாப் என்ற மருந்தின் பெரிய சோதனையில் 1,795 பேர் சேர்ந்தார்கள். 18 மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக மருந்து. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போனது மருந்தே இல்லாத வெற்றுத் திரவம். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கடைசியில், மருந்து பெற்றவர்களுக்கு நோய் முற்றும் வேகம் மற்றவர்களைவிட 27 சதவீதம் குறைந்திருந்தது. குணமாகவில்லை, வேகம்தான் குறைந்தது. சிலருக்கு மூளையில் வீக்கமும் சிறு ரத்தக்கசிவும் வந்தன. வெற்றுத் திரவம் ஏற்றிக்கொண்ட அந்தப் பாதிப் பேர் இல்லாவிட்டால் இதில் எதுவுமே தெரிந்திருக்காது. அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் "அம்மாவுக்குச் சரியாயிடும்" என்று நம்பி ஒரு மகள் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த மகளிடம் யாரோ முழுதாகச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017-ன் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 99-வது பிரிவு. ஆராய்ச்சிக்கு நோயாளியின் சொந்தச் சம்மதம் வேண்டும், புரிந்து, சுயமாகக் கொடுத்த சம்மதம். மனநோய் என்ற பேர் இருப்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று யாரும் தள்ளிவிட முடியாது. நோய் முற்றி, சம்மதம் சொல்ல முடியாத நிலை என்றால் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதி ஒப்புக்கொள்ள வேண்டும். சம்மதம் சொல்லக்கூடியவர்களை வைத்து அந்த ஆராய்ச்சியைச் செய்ய முடியாது என்றும் காட்ட வேண்டும். இன்னொன்றும் அதில் இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்கு எங்கம்மா முகத்தைத் திருப்பிய அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. பேசிச் சம்மதம் சொல்ல முடியாதவர்கூட எதிர்ப்புக் காட்டாதவராக இருக்க வேண்டும். கையைத் தட்டிவிடுவது, வாயை இறுக மூடிக்கொள்வது, எழுந்து போவது, இதெல்லாம் பதில்தான். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

ஆகவே யாராவது தாளை நீட்டினால், தமிழில் கொடுங்கள் என்று கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் இங்கே கிடைக்கிற வைத்தியம் நிற்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நிற்கக் கூடாது. மருந்துச் சோதனை என்றால் இந்தியாவில் அதற்கென்று ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது, 2009-லிருந்து பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை போனிலேயே பார்த்துச் சொல்லிவிடும். சோதனையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியமும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பது தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். பஸ் செலவைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், ஒரு நாள் கூலி போவது உங்களுக்குத்தான் தெரியும்.

இங்கே ஆராய்ச்சி செய்கிறவர்களும் சில பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் எனக்கு ஒரே வேண்டுதல். முடிவைத் திரும்ப வந்து சொல்லுங்கள். எங்கம்மா போய்ச் சேர்ந்து நாலு மாதம் கழித்து, ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மா மறுபடி வந்தார். இனி அவருக்கு எங்களிடம் கேட்க எதுவும் இல்லை. ஒரே ஒரு தாள், தமிழில், பெரிய எழுத்தில். எத்தனை பேரைப் பார்த்தோம், என்ன தெரிந்தது, எது இன்னும் தெரியவில்லை. அப்பா தறியை நிறுத்திவிட்டு, கண்ணாடி போட்டு, இரண்டு தடவை படித்தார். "இதுல அவளும் இருக்காளா?" என்று கேட்டார். இருக்காங்கய்யா என்றார் அவர். அப்பா அந்தத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நான் நிறையப் பேசிவிட்டேன். மூன்றாவது வரிசையில், பச்சைச் சேலை, அந்த அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருக்கிறார். பக்கத்தில் மகன் ஏதோ எடுத்துச் சொல்ல எழுந்திருக்கிறார். தம்பி, நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள். மைக்கை அம்மாவிடமே கொடுங்கள். சொல்லுங்கம்மா.