மதகை மூடும் முன் யாரைக் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஒரிகனும் கலிபோர்னியாவும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் கிளாமத் என்றொரு பாசனப் பகுதி இருக்கிறது. உருளைக்கிழங்கு, குதிரைமசால் விளையும் மண். 2001 ஏப்ரல் 6 அன்று, விதைப்புக்கு எல்லாரும் தயாராக இருந்த வேளையில், அந்நாட்டு மத்திய அரசின் பாசனத்துறை ஓர் அறிவிப்பு விட்டது. பெரும்பாலான நிலங்களுக்கு இந்த வருஷம் கால்வாய்த் தண்ணீர் கிடையாது. சுமார் 1,400 பண்ணைகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன.

வறட்சி ஒரு காரணம். இன்னொரு காரணம் மீன். மேலே ஏரியில் அழியும் நிலையில் இரண்டு வகை சக்கர் மீன்கள், கீழே ஆற்றில் கோஹோ சால்மன். ஏரியிலும் நீர் நிற்க வேண்டும், ஆற்றிலும் ஓட வேண்டும் என்றால் வயலுக்கு மிச்சம் ஏது?

1973ஆம் ஆண்டின் அழிந்துவரும் உயிரினச் சட்டப்படி, அணையை இயக்கும் துறை, அந்த இயக்கம் அழியும் உயிரினத்தைப் பாதிக்குமா என்று வனவிலங்குத் துறையையோ கடல்மீன் துறையையோ கலந்து ஆலோசிக்க வேண்டும். ஆலோசனைக்கு 90 நாள், பாதிக்குமா இல்லையா என்று அந்தத் துறை கருத்துரை எழுத 45 நாள். எல்லாம் அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடக்கிற பேச்சு. அதில் விவசாயிக்கு நாற்காலி கிடையாது. தீர்ப்பு மட்டும் வாசலுக்கு வந்துவிடும். இதே கிளாமத் வட்டாரத்துப் பாசனக்காரர்கள் நீதிமன்றம் போய், இப்படியொரு கருத்துரையை எதிர்த்து வழக்காட எங்களுக்கும் உரிமை உண்டு என்று 1997இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். சரி, ஆனால் வழக்கு என்பது எல்லாம் முடிந்த பிறகு போடுவதுதானே?

முன்கூட்டியே கேட்டால் என்ன கிடைக்கும்? கால்வாயைத் தினமும் சுற்றி வரும் ஆளுக்கு, நம் ஊரில் நீர்க்கட்டி என்போமே, அவருக்குத் தெரிந்தது கோப்பில் இருக்காது. அங்கே வயலில் பாய்ந்து வடியும் நீர்தான் டூலி லேக் பறவைச் சரணாலயத்துக்குப் போகிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக, 1908இல் ஏற்படுத்திய லோயர் கிளாமத் சரணாலயத்துக்கு இறைக்கிறார்கள். மீனுக்காக மதகை மூடினால் வாத்துக்குத் தண்ணீர் இல்லை!

அந்த 2001 மே மாதம் கிளாமத் ஃபால்ஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக நின்று ஏரித் தண்ணீரை வாளி வாளியாகக் கைமாற்றிக் கால்வாயில் ஊற்றினார்கள். ஜூலையில் சிலர் தலைமதகையே பலவந்தமாகத் திறந்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வருஷத்தையும் சொல்லியாக வேண்டும்.

2002இல் வயலுக்கு நீர் விட்டார்கள். செப்டம்பரில், கடலுக்குப் பக்கத்துக் கீழாற்றில், குறைந்த, சூடேறிய நீரில் நோய் பரவி, குறைந்தது 34,000 மீன்கள் செத்து மிதந்தன. பெரும்பாலும் சினூக் சால்மன். அந்த ஆற்றை நம்பி வாழும் யூரோக் பழங்குடியினருக்கு அது வெறும் எண்ணிக்கை இல்லை. அவர்களும் உள்ளூர்த் தண்ணீர்க்காரர்கள்தான். அப்புறம், பழங்குடியினரின் நீருரிமை விவசாயிகளின் உரிமைக்கு மூத்தது என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

2016இல் வந்த ஒரு சட்டம், கலிபோர்னியாவின் இரண்டு பெரிய நீர்த்திட்டங்களில் ஒப்பந்தம் போட்டு நீர் பெறும் பொது அமைப்புகளுக்கு, கருத்துரையின் வரைவைப் பார்த்துப் பதில் சொல்ல வழி செய்தது. நல்ல காரியம். கிளாமத் அதில் சேரவில்லை. ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு மட்டும் நாற்காலி என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மேட்டில் உழுகிறவர், கடைமடையில் வலை வீசுகிறவர் இருவர் கையிலும் ஒரே நாளில் வரைவு கிடைக்க வேண்டும்.

2024இல் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை அகற்றி முடித்தார்கள். அக்டோபரிலேயே சால்மன் ஒரிகன் வரை ஏறிவிட்டது. இனி அது மேலே உள்ள வாய்க்கால் தலைப்புகளிலும் நுழையப் பார்க்கும். மீன் உள்ளே போகாமல் தடுக்க எந்த வாயில் எந்த அளவுக் கண் உள்ள வலை நிற்கும், எங்கே பாசி அடைத்துக்கொள்ளும் என்று அந்த நீர்க்கட்டியைத்தான் கேட்க வேண்டியிருக்கும். வணக்கம்.